பார்க்காமலே பெயர் வைக்கப்படும் கட்டி

தொடையிடுக்கில் ஓர் ஆணுக்கு வீக்கம் கண்டால், 'குடல் இறங்கிவிட்டது' என்று வீட்டிலிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். அதே இடத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தால் பேச்சு மாறும். 'நெறி கட்டியிருக்கும், காலில் எங்காவது புண் இருக்கிறதா பார்' என்பார் மாமியார். விளக்கெண்ணெய் தடவுவார்கள், மஞ்சள் பற்றுப் போடுவார்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தெருமுனைக் கிளினிக்கில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. மலேசியாவில் செந்தூல் ஆனாலும், பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும், கிள்ளான் ஆனாலும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்தபடியே, சேலை ஒரு விரற்கடைகூட விலகாமல், அதற்குப் பெயர் வைத்து முடித்திருப்பார்கள்.

ஆணுக்குச் சொல்லும் பெயர் பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுகிறது. பிரிட்டனில் போட்ட கணக்கு ஒன்றின்படி, தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்காக வாழ்நாளில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வாய்ப்பு ஆணுக்கு 27 விழுக்காடு, பெண்ணுக்கு 3 விழுக்காடு. நான்கில் ஓர் ஆணுக்கு வரக்கூடிய ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்கு மேல் பலிக்கும். பெண்ணிடம் அந்த ஊகம் எடுபடாது. அந்த உள்ளங்கை அளவு இடத்தில் அவருக்கு வரக்கூடியவை பத்துக்கு மேல். ஒவ்வொன்றும் அரிதுதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலத்தில் கட்டாயம் சந்திக்கும் எண்ணிக்கை அது.

இதற்குக் காரணம் உடலமைப்பு. கருப்பையின் இரு மூலைகளிலிருந்தும் ஒரு தசைநார் கிளம்பி, அடிவயிற்றுச் சுவரிலுள்ள குறுகலான கால்வாய் வழியே வெளிவந்து, பிறப்புறுப்பின் வெளி இதழில் போய் முடிகிறது. வயிற்றின் உள்ளுறையும் கருவில் இருக்கும்போது அதே வழியில் சிறு பையாக இறங்கி, பிறகு மூடிக்கொள்கிறது. கால்வாய்க்குச் சற்றுக் கீழே தொடையின் பெரிய தமனியும் சிரையும் இருக்கின்றன. சிரையை ஒட்டி ஒரு சிறு இடைவெளி. கால், பிட்டம், ஆசனவாய், பிறப்புறுப்பு எல்லாவற்றின் நிணநீரும் வந்து சேரும் நெறிகளும் இங்கேதான். கருப்பைச் சம்பந்தமானது, குடல் சம்பந்தமானது, இரத்தக்குழாய், தோல் என்று எந்த நோயும் இந்த ஒரே வாசலில் வந்து தலைகாட்டலாம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிட வேண்டும். தொடைச் சிரைக்குப் பக்கத்திலுள்ள அந்த இடைவெளியில் குடல் நழுவி இறங்கினால் அது தொடைக் குடலிறக்கம். பெண்களுக்கு, அதிலும் பிள்ளைகள் பெற்று, வயதேறி, உடல் மெலிந்தவர்களுக்கு, இது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பருமனான உடலில் கைக்கே அகப்படாமல் போகும். வாய் குறுகலானது, விளிம்பு கடினமானது. அதனால் இறங்கிய குடல் திரும்ப வழியில்லாமல் நெரிபடுகிறது. 1991-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தொடைக் குடலிறக்கம் தெரியத் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் 22 விழுக்காட்டினருக்குக் குடல் நெரிபடும் வாய்ப்பு இருந்தது. 21 மாதத்தில் அது 45 விழுக்காடு. வழக்கமான தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் மூன்று மாதக் கணக்கு 2.8 விழுக்காடு மட்டுமே. 'தொல்லை இல்லையென்றால் விட்டுவிடலாம்' என்று ஆண்களுக்குச் சொல்லும் அறிவுரையைப் பெண்களுக்கு அப்படியே சொல்லக்கூடாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

நெரிபட்ட பிறகு நடப்பது இன்னும் மோசம். மூதாட்டி வாந்தி எடுக்கிறார், வயிறு உப்புகிறது. 'கேஸ்ட்ரிக்' என்று மருந்து வருகிறது. மலம் போகிறதே, குடல் அடைப்பு இருக்காது என்று சமாதானமும் சொல்லப்படுகிறது. குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டால் மலம் போய்க்கொண்டே இருக்கும், மாட்டிய பகுதி அழுகிக்கொண்டும் இருக்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிக்டர் 18-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த வகை இது. அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. வாந்தியோடு வரும் எந்த வயதான பெண்ணுக்கும் இரு தொடையிடுக்குகளையும் தொட்டுப் பார்ப்பது பாடப்புத்தக விதி. அவசரப் பிரிவின் நெரிசலில் முதலில் விடுபடுவதும் அந்த விதிதான்.

விடுபடுவது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் அரசர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின், 1737 நவம்பர் 9-ஆம் தேதி கடும் வயிற்றுவலியும் வாந்தியுமாகப் படுத்தார். அரண்மனை மருத்துவர்கள் சூலை என்று கஷாயமும் பேதி மருந்தும் கொடுத்தார்கள். உண்மையில் அவருக்குத் தொப்புளில் குடலிறக்கம். 1724-இல் கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இருந்தது. கணவருக்குத் தெரியும், மருத்துவர்களுக்குத் தெரியாது. ராணி கடைசிவரை காட்ட மறுத்தார். சில நாள் கழித்து அரசரே வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அறுவை மருத்துவர் ஜான் ரான்பி கட்டியைப் பார்த்தார். அதற்குள் குடல் அழுகியிருந்தது. நவம்பர் 20-ஆம் தேதி ராணி இறந்தார், வயது 54. தொப்புளையே காட்டக் கூசிய ராணியை நினைத்தால், தொடையிடுக்கைக் காட்டத் தயங்கும் செந்தூல் பாட்டியைக் குறை சொல்ல மனம் வராது. அந்தக் காலத்து லண்டனில் அறிவுக்குப் பஞ்சமும் இல்லை. இரண்டாண்டுக்கு முன்னால், 1735-இல், அதே நகரில் கிளாடியஸ் அமியாண்ட் என்பவர் 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்துக்குள் சிக்கியிருந்த குடல்வாலை வெட்டியெடுத்துப் பிழைக்க வைத்திருந்தார். உலகில் வெற்றிபெற்றதாகப் பதிவான முதல் குடல்வால் அறுவை அது. தொடைக் குடலிறக்கத்துக்குள்ளும் குடல்வால் அபூர்வமாகப் போய்ச் சிக்கும். 1731-இல் அதை விவரித்த பிரெஞ்சுக்காரர் கரெஞ்சோவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கட்டியைப் பார்த்து, குடலிறக்கம் என்று சரியாகவே சொல்லி, அறுவையும் செய்த பிறகும் தவறு நேர்வதுண்டு. ஸ்வீடன் நாட்டின் குடலிறக்கப் பதிவேட்டை வைத்து 2005-இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. தொடையிடுக்குக் குடலிறக்கம் என்று முதலில் அறுவை செய்யப்பட்டு, கட்டி திரும்ப வந்ததால் மறுபடி திறக்கப்பட்ட பெண்களில் 41.6 விழுக்காட்டினருக்கு உள்ளே இருந்தது தொடைக் குடலிறக்கம். ஆண்களில் அது 4.6 விழுக்காடு. ஆணுடலுக்குக் கற்ற அறுவையைப் பெண்ணுடலில் அப்படியே செய்ததன் விளைவாகத்தான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் இதனால்தான் பெண்களுக்குத் துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையைப் பரிந்துரைத்தன. உள்ளிருந்து பார்க்கும்போது இரண்டு வாய்களும் ஒரே பார்வையில் தெரியும்; ஒரே வலையால் இரண்டையும் மூடிவிடலாம்.

அதே வழிகாட்டு நெறிகள் கர்ப்பிணிக்கு நேர்மாறாகச் சொல்கின்றன: கத்தியை எடுக்காதீர்கள், காத்திருங்கள். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு தொடையிடுக்கில் மெத்தென்று ஒரு வீக்கம். நின்றால் பெருக்கும், படுத்தால் அடங்கும், இருமினால் துள்ளும். குடலிறக்கம் என்று கைபழகியவர்களே ஏமாறுவார்கள். பெரும்பாலும் அது கருப்பைத் தசைநாரோடு வரும் சிரைகள் புடைத்ததுதான். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளை பிறந்த சில வாரங்களில் தானே வற்றிப்போகும். ஒரு ஸ்கேனில் முடிய வேண்டிய விஷயம் ஒரு கர்ப்பிணியை மயக்க மருந்து மேசைவரை கொண்டுபோவது வீண்.

நக் கால்வாய் நீர்க்கட்டியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. முன்பு சொன்ன உள்ளுறைப் பை மூடாமல் நின்றுவிட்டால், அதில் நீர் கோத்துக்கொள்ளும். ஆண்பிள்ளைகளின் விரைவீக்கத்துக்குப் பெண்ணுடலில் உள்ள ஈடு இது. 1691-இல் டச்சு உடற்கூறியலாளர் அன்டன் நக் இந்தப் பையை விவரித்தார். சிறுமிகளுக்கும் வரும், முப்பதைத் தாண்டியவர்களுக்கும் வரும். வலி அதிகம் இருக்காது. அழுத்தினால் உள்ளே போகாது. ஸ்கேனில் நீர் நிறைந்த பையாகத் தெரியும். ஊசியால் நீரை எடுத்தால் மறுபடி சேரும். பையைக் கழுத்துவரை பிரித்தெடுத்து வாயைக் கட்டிவிட்டால் முடிந்தது. சிலருக்குக் கூடவே குடலிறக்கமும் இருக்கும் என்பதால் மருத்துவர் அதையும் தேட வேண்டும்.

இதைவிட அதிகம் அலைக்கழிப்பது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்வரிச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே முளைப்பது இந்த நோய். அது தசைநாரோடு சேர்ந்து தொடையிடுக்குவரை வந்துவிடுவதுண்டு. 1896-இல் மருத்துவர் தாமஸ் கல்லன் இத்தகைய ஒரு கட்டியை முதன்முதலில் பதிவு செய்தார். பெரும்பாலும் வலப்புறத்தில்தான் வரும். மாதவிலக்கு நெருங்கும்போது கட்டி பெரிதாகி வலிக்கும், முடிந்ததும் சுருங்கும். இந்த ஒரு விவரத்தைக் கேட்டுவிட்டால் பாதி நோய் பிடிபட்டது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. பெண் அறுவைப் பிரிவுக்குப் போனால் குடலிறக்கத்தைத் தேடுகிறார்கள், மகப்பேற்றுப் பிரிவுக்குப் போனால் அடிவயிற்றை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவே இருக்கும் நாலு அங்குலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. சிசேரியன் தழும்பின் ஓரத்திலும் இதே திசு கட்டியாக வளர்வதுண்டு. தீர்வு, கட்டியைச் சுற்றியுள்ள தசைநார்ப் பகுதியோடு முழுதாக எடுப்பது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவது. இடுப்புக்குள் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்ப்பது. பிறகு தேவைக்கேற்ப ஹார்மோன் மருந்து.

நெறியே கட்டியிருந்தால்? அப்போதும் ஏன் கட்டியது என்ற கேள்வி நிற்கிறது. காலிலோ விரலிடுக்கிலோ புண் இருந்தால் விடை எளிது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு மேல் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நம் வீடுகளில் கால் புண்ணும் தொடையிடுக்குச் சீழ்க்கட்டியும் அடிக்கடி வருவதில் வியப்பில்லை. புண்ணே இல்லாமல், வலியும் இல்லாமல், மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிற்கும் நெறிக்கு மாத்திரை விடையாகாது. ஊசி வழியே துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அது நுரையீரலோடு நிற்பதில்லை. நெறிகளில் தங்கும், முதுகெலும்பை அரித்துச் சீழாகி, இடுப்புத் தசை வழியே இறங்கித் தொடையிடுக்கில் வந்து கட்டியாக நிற்கவும் செய்யும். அதைச் சாதாரணச் சீழ் என்று கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும். நெறியில் வந்த காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரை போதும்.

புற்றுநோயும் இந்த வழியாக வரும். பிறப்புறுப்பின் வெளி இதழ், ஆசனவாய், கால் தோல் ஆகிய இடங்களில் தொடங்கும் புற்று முதலில் எட்டுவது தொடையிடுக்கு நெறிகளைத்தான். கறுத்த தோலுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வராது என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக உண்டு. நமக்கு வரும்போது அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்துகொண்டு வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் 1977-இல் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான். 1981-இல், 36 வயதில், அதற்கே பலியானார். தொடையிடுக்கில் நெறியைத் தொடும் மருத்துவர், செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்க்கிறாரா என்பதை வைத்தே அவர் பார்த்த லட்சணத்தை எடைபோட்டுவிடலாம்.

இரத்தக்குழாய்க் கட்டிகள் எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் தெரியாமல் கத்தி வைத்தால் ஆபத்து. நாள் முழுக்க நின்று வேலை செய்து காலில் நரம்புச் சுருட்டல் கண்ட பெண்ணுக்கு, சிரை மேலே சேருமிடத்தில் மெத்தென்று புடைக்கும், படுத்தால் மறையும். இருதயச் சோதனைக்கோ இரத்தச் சுத்திகரிப்புக்கோ தொடையில் குழாய் செருகப்பட்டவருக்குத் தமனி கசிந்து துடிக்கும் கட்டி உண்டாகலாம். இரண்டுக்கும் டாப்ளர் ஸ்கேன்தான் பதில்.

பச்சிளம் பெண்குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்குக் குடலிறக்கம் வந்தால், பைக்குள் இறங்கியிருப்பது பல சமயம் சினைப்பை. உள்ளே திரும்பாமல் உறுதியாகக் கைக்கு அகப்பட்டால் அது முறுக்கிக்கொண்டு கெட்டுப்போகும் அபாயம் உண்டு. அழாத குழந்தைதானே என்று தள்ளிப்போடக்கூடாது. குடலிறக்கம் உள்ள சிறுமிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு, குறிப்பாக இருபுறமும் இருந்தால், பைக்குள் இருப்பது விரையாக இருக்கலாம். ஆண் ஹார்மோனை உடல் ஏற்காத பிறவி நிலை இது. குழந்தை பெண்ணாகவே வளரும், பெண்ணாகவே வாழும். ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பாட்டினோ இந்த நிலையோடு பிறந்தவர். 1985-இல் கோபே நகரில் பாலினச் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தப்பட்டு, போராடி 1988-இல் மீண்டும் தகுதி பெற்றார். இப்படியொரு செய்தியைப் பெற்றோருக்குச் சொல்லும் முறையில்தான் ஒரு மருத்துவமனையின் தரம் தெரியும். அவசரப்பட்டு எதையும் வெட்டியெடுக்கத் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் பொதுவான நிலை.

இவ்வளவையும் பிரித்தறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நிற்கவைத்துப் பார்ப்பது, இருமச் சொல்வது, படுக்கவைத்துப் பார்ப்பது. இடுப்பெலும்பு முடிச்சுக்கு மேலா கீழா என்று விரலால் அறிவது. துடிக்கிறதா, அழுத்தினால் போகிறதா என்று உணர்வது. மாதவிலக்கோடு மாறுகிறதா, கர்ப்பமா என்று கேட்பது. அதன் பிறகு ஒரு ஸ்கேன். எடுக்கும்போதும் இருமச் சொல்லி எடுக்க வேண்டும். அசையாமல் படுத்திருக்கும் பெண்ணின் ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்று வருவது ஒன்றுக்கும் ஆகாது. ஐயம் தீராத சிலருக்கே எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. தேவைப்படும்.

வசதி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1870-இல் தொடங்கிய கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி ஜாலான் பகாங்கில், செந்தூலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான துங்கு அசிசா மருத்துவமனையும் அதன் பக்கத்திலேயே. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, சிறப்பு மருத்துவருக்கு ஐந்து வெள்ளி. பணம் தடையில்லாத ஊரில் தடையாக நிற்பது பேச்சுதான். மூதாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்து வருபவன் பேரன். மருத்துவரின் மலாயைத் தமிழாக்குவதும் பாட்டியின் தமிழை மலாயாக்குவதும் அவன்தான். தொடையிடுக்கு என்று பேரனிடம் எந்தப் பாட்டி சொல்வார்? 'வயிறு சரியில்லை' என்பார், பேரன் அதைச் சொல்வான், வயிற்றுக்கு மருந்து வரும். இதில் தப்புச் செய்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனால் ஒரு நோய் தப்பித்துவிட்டது. மகளோ மருமகளோ கூட வருவது இங்கே மருந்தைவிடப் பெரிய உதவி. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம்; ஆண் மருத்துவராக இருந்தால் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லலாம். அது சலுகை இல்லை, முறை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை நடக்கிறது. நீரிழிவைத் தேடுகிறார்கள், இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், மனநலம் பற்றிக்கூடக் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தாதியர் நேரில் வந்து பார்க்கும் நல்ல வழக்கமும் இந்நாட்டில் இருக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் ஒரு கேள்வியைச் சேர்க்கச் செலவில்லை: 'தொடையிடுக்கில் வீக்கமோ கட்டியோ இருக்கிறதா, நிற்கும்போது தெரிகிறதா?' நான்கு மொழியிலும் அச்சிட்டு, படிக்கத் தெரியாதவரிடம் ஒரு பெண் ஊழியர் தனியாகக் கேட்க வேண்டும். சுகாதார அமைச்சு இதை அடுத்த பதிப்புப் படிவத்திலேயே சேர்க்கலாம். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூட வேண்டியதில்லை.

அதுவரை வீட்டிலுள்ளவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். தொடையிடுக்கில் இருந்த கட்டி திடீரென்று கல்லாகி, வலித்து, உள்ளே போகாமல் நின்று, வாந்தியும் சேர்ந்துகொண்டால் அழுத்திப் பார்க்கக்கூடாது, உணவும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது, விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நெரிபட்ட குடல் சில மணி நேரமே தாங்கும். ஆம்புலன்ஸ் எண் 999.